கொட்டகைக் கதவைத் திறந்தவர் யார்?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்த நாட்களிலும் சிங்கப்பூரில் சினிமா கொட்டகைகள் நடந்தன என்று சொன்னதும் ஒரு பையன் எழுந்து நின்றான்.

"ஏன் டீச்சர், சண்டை நேரத்துல யாராவது படம் பாக்கப் போவாங்களா? அவங்களுக்கு அறிவே இல்லையா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டி ஞாபகத்துக்கு வந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் பையனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் கேத்தே என்ற கொட்டகை 1939 அக்டோபரில் திறக்கப்பட்டது. உள்ளே குளிர்சாதன வசதி. வெயிலில் வெந்த ஜனங்களுக்கு அதுவே ஓர் அதிசயம். அதை ஒட்டி எழுந்த மாடிக் கட்டடம்தான் அன்று ஊரிலேயே உயரமானது. இது தவிர நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என்று மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. படம், பங்சாவான் நாடகம், ரோங்கெங் ஆட்டம், குத்துச்சண்டை என்று சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் கூடிய இடங்கள் அவை.

1941 டிசம்பர் 8, விடியுமுன் சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் வெள்ளைக்காரர் சரணடைந்தார்கள். இடைப்பட்ட பத்து வாரங்களிலும் ஜனங்கள் படம் பார்க்கப் போனார்கள். அறிவில்லாமலா போனார்கள்? இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து விமானச் சத்தத்துக்குக் காது கொடுப்பதைவிட, நூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்திருப்பது மனசுக்குத் தெம்பாக இருந்தது. பயத்தைப் பகிர்ந்துகொண்டால் பாதியாகும் அல்லவா?

பிறகு ஜப்பானியர் வந்தார்கள். ஊருக்கு சியோனான் என்று பெயர் மாறியது. கேத்தேயும் பெயர் மாறி அவர்களுடைய கொட்டகையாயிற்று. பிரசார இலாகாவும் வானொலியும் அதே கட்டடத்தில் இயங்கின. அந்த வாசலில்தான் ஒரு மனிதனின் வெட்டிய தலையைக் கம்பத்தில் வைத்து ஜனங்களுக்குப் பாடம் கற்பித்தார்கள். பின்னாளில் பிரதமரான லீ குவான் யூ, இளைஞராக இருந்தபோது அதைக் கண்ணால் கண்டதைத் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

அவரே பின்னர் அதே கட்டடத்தின் மேல்மாடியில் வேலைக்குச் சேர்ந்தார். எதிரி நாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் தந்திச் செய்திகளைச் சரிபார்த்து எழுதும் வேலை. ஜப்பான் தோற்றுக்கொண்டிருந்த செய்தி மேல்மாடிக்குத் தெரியும். கீழே கொட்டகையில் ஜனங்களுக்குக் காட்டியதோ ஜப்பானின் வெற்றிப் படங்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிற்காலத்தில் 'டோக்கியோ ஸ்டோரி' எடுத்து உலகப் புகழ் பெற்ற இயக்குநர் ஓசு, 1943இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். இந்திய விடுதலைப் போரைப் பற்றி ஒரு படம் எடுக்க வந்தவர். அந்தப் படம் முடியவே இல்லை. கைப்பற்றி வைத்திருந்த 'சிட்டிசன் கேன்' போன்ற அமெரிக்கப் படங்களை அவர் ஆசை தீரப் பார்த்தார். ஊர் ஜனங்களுக்கு மட்டும் அமெரிக்கப் படம் ஆகாது!

தமிழ்ப் படமோ கப்பலேறி வர வழியில்லை. 1944 தீபாவளிக்கு சென்னையில் 'ஹரிதாஸ்' வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது. இங்கே நம்மவர்கள் மரவள்ளிக்கிழங்கோடு தீபாவளி கொண்டாடினார்கள். கிரேட் வோர்ல்டிலும் நியூ வோர்ல்டிலும் சூதாட்டத்துக்குக் கதவு திறந்துவிட்டார்கள். வயிற்றுக்கு அரிசி இல்லை. வாழைமர நோட்டை வைத்துச் சூதாட இடம் இருந்தது.

ஆனால் அதே கேத்தேயில் வேறொன்றும் நடந்தது. 1943 ஜூலை 4ஆம் தேதி ராஷ் பிகாரி போஸ் தலைமைப் பொறுப்பை அங்குதான் நேதாஜியிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்ததும் அந்தக் கொட்டகையில்தான். பால்மரக் காட்டிலிருந்து போன நம் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். நம் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். தோட்டத்தில் 'கூலி' என்று கூப்பிடப்பட்டவர்கள் தலை நிமிர்ந்து நின்றார்கள்.

கொட்டகை ஒன்றுதான். ஒரு நாள் அது ஆறுதல், ஒரு நாள் பொய், ஒரு நாள் தன்மானம். கதவைத் திறந்தவர் யார், எதற்காகத் திறந்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது என் பாட்டி கதைக்கு வருகிறேன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஜொகூர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாட்டி எங்களோடு பாயில் உட்கார மாட்டார். ரோட்டோரமாக நின்றே பார்ப்பார். டவுன் தியேட்டருக்கு அழைத்துப் போனால், வாசலை ஒட்டிய நாற்காலிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு நாள் அவரே காரணத்தைச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் டவுனில் ஓசிப் படம் என்று சொன்னார்களாம். பாட்டியின் அண்ணன், பதினேழு வயது, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். உள்ளே ஆட்கள் நிறைந்ததும் கதவைச் சாத்தினார்கள். வெளியே லாரி நின்றது. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்த வழிகளில் இதுவும் ஒன்று. உயிர் பிழைத்து வந்தவர்கள் பலர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபர் 17இல் இணைந்தது. அண்ணன் திரும்பவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. கேள்வி கேட்ட பையன் மெல்ல, "அவர் தெரியாமத்தானே போனாரு டீச்சர்?" என்றான்.

ஆமாம், தெரியாமல்தான் போனார். பதினேழு வயதுப் பிள்ளை, ஒரு படம் பார்க்க ஆசைப்பட்டது குற்றமா? அந்த ஆசையைத் தூண்டிலாக்கியவன் செய்ததுதான் குற்றம்.

கேத்தேயின் மாடிகளை இடித்துவிட்டார்கள். முகப்பு மட்டும் 2003இல் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. சிங்கப்பூர் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நம் தோட்டங்களில் போனவர்களுக்கு அப்படி ஒரு முகப்பும் கிடையாது. அன்று குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதும் தொண்ணூறும் ஆகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "பாட்டி, ஜப்பான் காலத்துல நீங்க என்ன படம் பாத்தீங்க?"

கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?