வானத்துக் கற்றையில் மலைக் கிராமத்துக்குப் பங்கு எங்கே?

2024 நவம்பர் 19 அன்று ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. இஸ்ரோவின் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் உருவாக்கியது. சர்க்கார் கம்பெனியான நியூஸ்பேஸ் இந்தியாவின் சொத்து. உழைத்தவர்களைப் பாராட்டுகிறோம்.

பழைய செயற்கைக்கோள்கள் நாடு முழுவதற்கும் ஒரே அகன்ற கற்றையை வீசின. இதுவோ 32 கற்றைகளாகப் பிரித்து வீசுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கற்றைகளுக்கு வெவ்வேறு அலைவரிசை. தள்ளியிருக்கும் கற்றைக்கு மறுபடியும் அதே அலைவரிசை. இருக்கிற அலைவரிசையையே பலமுறை பயன்படுத்துவதால் விநாடிக்கு 48 ஜிகாபிட் வரை அனுப்ப முடிகிறது.

இவற்றில் 8 குறுகிய கற்றைகள் வடகிழக்கு மாநிலங்களுக்கு உரியவை. நல்ல ஏற்பாடு. ஆனால் கற்றை மலைமீது விழுந்தால் போதுமா? மலையில் வாழும் ஏழையின் கைக்கு எட்ட வேண்டாமா?

கொள்ளளவின் பெரும்பகுதியை, கோள் ஏறும் முன்பே சேவைக் கம்பெனிகள் பேசி முடித்துவிட்டன. விமானப் பயணிக்கும் இதில் இணையம் உண்டு. கிடைக்கட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மலைக் கிராமத்துப் பள்ளிக்கு எந்த முதலாளி, என்ன விலைக்குக் கொடுப்பான்? இலாபம் இல்லாத இடத்துக்கு அவன் போவதில்லை.

ஆகவே கோருகிறோம்: ஒவ்வொரு கற்றையிலும் ஒரு பங்கை சர்க்கார் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இலவசமாக ஒதுக்க வேண்டும். மக்கள் பணத்தில் உருவான கோளில் மக்களுக்கு முதல் பங்கு வேண்டும்!