பாட்டில் ஏத்தினா வாதம் போயிடுமா?

கை கால் விழுந்துடுச்சுன்னா புறா ரத்தம் தடவச் சொல்ற ஆளுங்க நம்ம பக்கம் இன்னும் இருக்காங்க. படிச்ச நாமெல்லாம் அதைக் கேட்டுச் சிரிப்போம். ஆனா அதே நாம, 'ரத்த ஓட்டத்தைச் சீராக்குற மருந்து'ன்னு நாலு நாள் பாட்டில் ஏத்தினா, பில்லைக் கட்டிட்டு டாக்டருக்குக் கும்பிடும் போட்டுட்டு வர்றோம். ரெண்டுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்?

கோபப்படாதீங்க மக்களே, விஷயத்துக்கு வர்றேன். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சு வர்ற பக்கவாதத்தைப் பத்தித்தான் பேசுறேன். ரத்தத்தை இளக்கிவிட்டா ஓட்டம் சரியாயிடும்கிறது கேட்க நல்லாத்தான் இருக்கு. உலகம் முழுக்க அதை நம்பிப் பல வருஷம் சோதிச்சும் பார்த்தாச்சு.

ரத்தத்தை நீர்க்க வைக்கிற திரவங்களை ஏத்தினாங்க. சாவும் குறையலை, ஊனமும் குறையலை. சிவப்பணுக்களை வளைஞ்சு கொடுக்க வைக்கிற பென்டாக்ஸிபிலினுக்கு, பக்கவாதத்துல பலன் உண்டுன்னு சொல்லப் போதுமான ஆதாரம் இன்னிக்கும் இல்லை. மலாய் குழிவிரியன் விஷத்துலேர்ந்து எடுத்த அன்க்ராடைக் கூட விடலை. 2000-ல வந்த ஆய்வு 'ஆஹா'ன்னுச்சு, 2006-ல வந்த ஐரோப்பிய ஆய்வு 'பலன் இல்லை'ன்னுடுச்சு. இதே பாட்டிலோட சேர்ந்து வர்ற சிட்டிகோலினை 2298 பேர்கிட்ட சோதிச்சு, 2012-ல முடிவு சொன்னாங்க: மருந்தே இல்லாத வெறும் ஊசிக்கும் இதுக்கும் வித்தியாசம் கிடையாது.

அப்போ எதுதான் வேலை செய்யுது? கட்டியைக் கரைக்கிற ஊசி. அல்டிப்ளேஸ் பலன் தருதுன்னு 1995-லயே நிரூபிச்சாச்சு. முதல்ல 3 மணி நேரம்தான் கெடு, 2008-ல அது நாலரை மணி நேரம் ஆச்சு. சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில ரத்தக்கசிவு இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் போடணும். அப்பவும் கசிவு ஆபத்து கொஞ்சம் உண்டு. ஆனா அடைப்பு இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பணு சாகுதுங்க!

இப்ப நம்ம காரைக்காலுக்கு வருவோம். சுத்தி தமிழ்நாடு. நம்ம தலைநகரமோ சீர்காழி, சிதம்பரம், கடலூரெல்லாம் தாண்டி சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கு. 'ரெண்டு பாட்டில் ஏத்திப் பார்த்துட்டு அனுப்பலாம்'னு ஒருத்தர் சொன்னா, அங்கேயே கெடு முடிஞ்சுது. 'அதனால தீங்கு இல்லையே'ன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் என் பதில். போன பணத்தைச் சம்பாதிச்சுக்கலாம், போன நேரம் வராது.

2016-லேர்ந்து ஜிப்மரோட மருத்துவக் கல்லூரியே நம்ம ஊர்ல நடக்குது. கேட்க வேண்டியதை நாம கேட்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு சி.டி. எடுக்கிறதும், இந்த ஊசி போடுறதும் எந்தெந்த ஆஸ்பத்திரியில நடக்கும்? ஊருக்கே தெரியற மாதிரி போர்டு எழுதி மாட்டுங்க. 108 வண்டிக்காரர் நேரா அங்கே போகட்டும்.

வாய் கோணிச்சா, கை தொங்கிச்சா, பேச்சு குழறிச்சா, உடனே மணியைப் பாருங்க. ஆஸ்பத்திரியில முதல் கேள்வியா 'ஊசி உண்டா?'ன்னு கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆஸ்பிரினும் நல்ல மருந்துதான், ஆனா ஸ்கேன் பார்க்காம வீட்லயே விழுங்க வச்சுடாதீங்க.