வாசலுக்கு வராத வண்டி

சென்ற மாதம் ஒரு சிற்றிதழில் பயணக் கட்டுரை ஒன்றை வாசித்தேன். எழுதியவர் தேர்ந்த எழுத்தாளர். அவருடைய சில சிறுகதைகள்மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. வியன்னாவிலிருந்து ப்ராக் நகருக்குத் தனிக்கார் பதிவு செய்து போன அனுபவத்தை நான்கு பக்கங்களுக்கு விரித்திருந்தார். விடுதி வாசலில் காத்து நின்ற கறுப்புக் கார், பெட்டியை வாங்கி அடுக்கிய ஓட்டுநர், முன்கூட்டியே பேசி முடித்த கட்டணம், வழியில் ப்ர்னோவில் ஒரு காபி. முந்நூறு கிலோமீட்டருக்கு மேலான தூரம் ஒரு வாசலில் தொடங்கி இன்னொரு வாசலில் முடிந்துவிட்டது என்று சிலாகித்திருந்தார். அதுவரை எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கையில் காசிருப்பவர் காரில் போவதில் என்ன குற்றம்?

கடைசிப் பத்தியில்தான் வந்தது வினை. சென்னையிலும் இப்போது இதே வசதி வந்துவிட்டது, எந்த வாசலிலிருந்தும் எந்த ஊருக்கும் வண்டி வருகிறது, ஆகவே பேருந்து நிலையம் எங்கே இருக்கிறது, ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று புலம்புவதெல்லாம் போன நூற்றாண்டின் மனநிலை என்ற பொருள்பட எழுதி முடித்திருந்தார். எந்த வாசலிலிருந்தும் என்ற அந்தச் சொல்லோடுதான் என் சண்டை. நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரன். என் வீட்டுக்கும் வாசல் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்காக வேலூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். கடற்கரை நிலையத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற ரயில் மாலையில் கிளம்புவது. முந்தைய நாளே போய் அறையெடுத்துத் தங்கும் தெம்பு அம்மாவுக்கு இல்லை. ஆகவே ‘டிராப் டாக்ஸி’ எனப்படும் ஒருவழிக் கார். இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் இப்போது பரவலாகிவிட்டது. கிலோமீட்டருக்கு 14 ரூபாய், குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா தனி, சுங்கம் தனி. திரும்பி வருவதற்கு நீங்கள் காசு தர வேண்டாம். அதுதான் அதன் கவர்ச்சி.

முதல் நாள் மாலை பதிவு செய்தேன். உறுதிச் செய்தியும் வந்தது. இரவு ஒன்பதரைக்கு ஓட்டுநர் அழைத்தார்.

“பிக்கப் எங்க சார்?”

“திருவொற்றியூர், காலடிப்பேட்டை.”

சற்று மௌனம். “எண்ணூர் ரோடு பக்கமா சார்? டிரெய்லர் நிக்குமே. நீங்க மதுரவாயல் வரைக்கும் வந்துடுங்களேன், அங்க இருந்து பறந்துடலாம்.”

எழுபத்து நான்கு வயதுத் தாயை விடியற்காலை நான்கு மணிக்கு மதுரவாயல் மேம்பாலத்தடியில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். முடியாது என்றேன். பத்து நிமிடத்தில் பதிவு ரத்தானது. இரண்டாவது ஓட்டுநர் பேசவே இல்லை. ஊர்ப்பெயரைப் பார்த்ததும் விலகிவிட்டார். மூன்றாமவர் ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கேட்டார், ஒப்புக்கொண்டேன், அவரும் பதினொன்றரைக்குக் கழன்றுகொண்டார். அலுவலகத்தை அழைத்தால் ஒரு பெண் குரல், “உங்க ஏரியாவுக்கு வண்டி கொஞ்சம் டிமாண்ட் சார்” என்றது. டிமாண்ட் இருந்தால் வண்டி வர வேண்டும் என்றுதான் நாம் பொருளாதாரத்தில் படித்தோம்.

திருவொற்றியூரை விட்டுக் கிளம்புவது எந்தக் காலத்திலும் எளிதாக இருந்ததில்லை என்று அம்மா அன்றிரவு சொல்லிச் சிரித்தார். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு ஆரூர் நினைவில் ஊரெல்லையைத் தாண்டிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண் என்று தவணை முறையில்தான் அவரால் பயணத்தை முடிக்க முடிந்தது. அவருக்காவது கேட்பதற்கு ஒரு தோழன் இருந்தான்.

கடைசியில் வந்தவர் காசிமேட்டுக்காரர். பகலெல்லாம் பழைய மகாபலிபுரம் சாலையிலும் விமான நிலையத்திலும் ஓட்டிவிட்டு இரவு வீடு திரும்பியிருந்ததால் வந்தார். அதாவது அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை, தன் வாசலிலிருந்து கிளம்பினார். நான் மற்ற ஓட்டுநர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். பூந்தமல்லி தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தவர், “அவனுங்கள ஏன் சார் திட்றீங்க, கணக்கு போட்டுப் பாருங்க” என்றார்.

போட்டுப் பார்த்தேன். போரூரில் இருக்கும் ஒரு ஓட்டுநர் என்னை ஏற்றிக்கொள்ள முப்பது கிலோமீட்டர் காலியாக வர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து வேலூர் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். அங்கிருந்து சவாரி கிடைக்காவிட்டால் 140 கிலோமீட்டர் காலியாகத் திரும்ப வேண்டும். மொத்தம் 325. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கிடைத்தால் 18 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஏறத்தாழ 1,660. நான் தருவது கட்டணமும் பேட்டாவுமாக 2,570. அதில் பதிவு நிறுவனத்தின் கமிஷன் போகும். சென்னசமுத்திரத்திலும் நெமிலியிலும் திரும்பும் வழிச் சுங்கம் அவர் கையிலிருந்து. விடியலுக்கு முன் தொடங்கிய ஒரு நாளின் முடிவில் ஐந்நூறு ரூபாய் மிஞ்சினால் அதிர்ஷ்டம். வண்டிக் கடனின் மாதத் தவணை இதற்குள் வரவில்லை. ஒருவழிக் கட்டணம் என்று நாம் மகிழ்கிறோம். மறுவழி மறைந்துவிடவில்லை, முன்னிருக்கைக்காரரின் தலையில் இறங்கியிருக்கிறது.

செயலி நிறுவனங்களுக்கென்று மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளைப் பிறகு தேடிப் படித்தேன். ஏற்றிக்கொள்ள வரும் தூரம் மூன்று கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தாலன்றி, காலியாக ஓடிய தூரத்துக்குப் பயணியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது அது. நல்ல எண்ணம்தான். ஆனால் போரூரிலிருந்து எங்கள் ஊருக்குக் காலியாக வருவதற்கான காசை வேறு யார் தருவார்கள் என்று அது சொல்லவில்லை. ஆகவே சட்டம் பயணியைக் காக்கிறது, வண்டிதான் வருவதில்லை.

இங்கேதான் நம் எழுத்தாளர் புலம்பல் என்று தள்ளிவிட்ட விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. வண்டிகள் ஏன் தெற்கிலும் மேற்கிலுமே நிற்கின்றன? ஊரின் வாயில்கள் அங்கே போய்விட்டதால். என் இளமையில் வெளியூர் போவதென்றால் பிராட்வே. ராயபுரத்துக்காரர்கள் பெட்டியைத் தோளில் வைத்து நடந்தே போவார்கள். 2002இல் வெளியூர்ப் பேருந்துகள் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பரின் கடைசியில் வண்டலூரை ஒட்டிய கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புதிய முனையம் திறக்கப்பட்டு, தெற்கே செல்லும் பேருந்துகள் அங்கே போயின. எங்கள் வீட்டிலிருந்து அது 40 கிலோமீட்டருக்கும் மேல். திருச்சிக்குப் போகிறவன் முதலில் கிளாம்பாக்கத்துக்குப் பயணம் போக வேண்டும். மேற்கே போகும் பேருந்துகளுக்குத் திட்டமிட்ட இடமும் திருமழிசையைத் தாண்டிய குத்தம்பாக்கம். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் நெரிசல் என்று ஒரு நியாயமான காரணம் சொல்லப்பட்டது. யாருடைய நெரிசல் குறைந்தது, யாருடைய தூரம் கூடியது என்று கணக்கெடுத்த அறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை.

ரயில் கதை இன்னும் நகைமுரணானது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. போன இடம் ஆற்காட்டை ஒட்டிய வாலாஜா ரோடு; அதாவது நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போன அதே திசை, வேலூருக்குச் சற்று முன்னால். சென்ட்ரல் நிலையம் வந்தது அதற்கும் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1873இல். இன்று ராயபுரத்தின் தூண்கள் வெள்ளையடித்து நிற்கின்றன. தொலைதூர வண்டி எதுவும் அங்கிருந்து தொடங்குவதில்லை. நகருக்கு மூன்றாவது முனையம் தேவைப்பட்டபோது ராயபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வடசென்னைக்காரர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். முனையம் தாம்பரத்துக்குப் போனது. ஹவுராவுக்கும் விஜயவாடாவுக்கும் போகும் விரைவு வண்டிகள் எங்கள் ஜன்னல்களை அதிரவைத்துவிட்டு நிற்காமல் போகின்றன.

வியன்னாவுக்கும் ப்ர்னோவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1839இல். அவர்கள் அந்தத் தடத்தைக் கைவிடவில்லை. இன்றும் ப்ராக் போகும் வண்டி ப்ர்னோ வழியாக ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் நகரின் நடுவே இறக்கிவிடுகிறது. நம் எழுத்தாளர் அதை வேண்டாம் என்று சொல்லிக் காரைத் தேர்ந்தார். அது தேர்வு. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு ரயில் எங்களுக்கும் இருந்திருந்தால் நானும் ப்ர்னோவின் காபியைப் பற்றி எழுதியிருக்கக்கூடும்.

மெட்ரோ வந்துவிட்டதே என்பார்கள். வந்தது; 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர்வரை ஓடுகிறது, நானே தினமும் ஏறுகிறேன், நன்றியோடுதான் ஏறுகிறேன். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு அது ஓடுவதில்லை. கிளாம்பாக்கம்வரை போவதும் இல்லை. மாதவரத்தில் 2018இல் ஒரு புறநகர்ப் பேருந்து நிலையம் திறந்தார்கள், முதன்மையாக ஆந்திரப் பேருந்துகளுக்காக. கிளாம்பாக்கம் குறித்து எதிர்ப்புக் கிளம்பியபின் 2024 தொடக்கத்தில் தெற்கு நோக்கிய பேருந்துகளில் ஒரு பங்கை அங்கிருந்தும் இயக்க அரசு ஏற்பாடு செய்தது. கேட்டதால் கிடைத்தது. புலம்பல் என்று நீங்கள் சொல்வதற்கு இந்த அளவுக்காவது பயன் இருந்திருக்கிறது.

சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர். துறைமுக வாயிலுக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளுக்கு அது நிறுத்துமிடம். இந்த லாரிகளுக்காகத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல்வரை பறக்கும் சாலை ஒன்றுக்கு 2009இல் அடிக்கல் நட்டார்கள், 2012இல் வேலையை நிறுத்தினார்கள், கூவத்தில் தூண்கள் மட்டும் பத்தாண்டுக் காலம் கொக்குகளுக்குப் பயன்பட்டன. 2022இல் மறுபடி அடிக்கல். ஒரே சாலைக்கு இரண்டு பிரதமர்கள். சரக்கு சீக்கிரம் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் பகுதியைப் பற்றிய எந்தத் திட்டத்தை எடுத்தாலும் அதில் நகர்கிற பொருள் நிலக்கரியாகவோ எண்ணெயாகவோ பெட்டியாகவோ இருக்கிறது. நகர்கிற மனிதன் அதில் வருவதே இல்லை.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொற்றலையாற்றுக் கழிமுகமெங்கும் எண்ணெய் படிந்திருந்தது. கண் எரிந்து மூச்சு முட்டி மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அன்றிரவு என் உறவினர் ஒருவர், தாழங்குப்பத்தில் இருப்பவர், கைபேசியில் வண்டி தேடியிருக்கிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். பிறகு மீன் ஏற்றும் வண்டி ஒன்றில் பதினோரு பேர் ஏறித் திருவொற்றியூர் வந்து சேர்ந்தார்கள். எங்கள் திண்ணையில் விடியும்வரை அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலிருந்து வாசலுக்கு என்பதை நான் இப்படித்தான் அறிந்திருக்கிறேன்.

எழுத்தாளர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது என்று நண்பர்கள் நினைக்கலாம். இருக்கத்தான் செய்கிறது. அவர் காரில் போனதற்காக அல்ல; தன் வாசலில் நின்ற வண்டியைக் காட்டி, ஊரின் வாயில் எங்கே இருந்தால் என்ன என்று கேட்டதற்காக. இரவில் திருவொற்றியூரிலிருந்து நேராகத் தெற்கே போகும் நான்கு அரசுப் பேருந்துகள், ராயபுரத்திலிருந்து மேற்கே ஒரு காலை ரயில்: இவற்றைக் கேட்பது போன நூற்றாண்டின் மனநிலையென்றால், ராயபுரத்துக்காரனுக்கு அதற்கும் முந்தைய நூற்றாண்டிலேயே ரயில் இருந்தது.

வேலூரில் இறங்கும்போது அம்மா காசிமேட்டு ஓட்டுநரிடம், “திரும்பிப் போக சவாரி கெடைக்குமாப்பா?” என்று கேட்டார். “பார்க்கலாம்மா, பஸ் ஸ்டாண்டாண்ட போய் நிக்கறேன்” என்றார் அவர். பரிசோதனை முடிந்து பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வந்தால், எதிரிலிருந்த டீக்கடை நிழலில் அதே வண்டி. சவாரி கிடைக்கவில்லை. ஒருவழிக் கட்டணம் பேசி அதிலேயே திரும்பினோம். மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய எண்ணை அம்மா மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார்.