180 கிராம் மிளகாய்

போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். புதுசா டர்ன்டேபிள் வாங்கியிருக்காராம். "பாஸ், பழைய ராக் ஆல்பமெல்லாம் திரும்ப ரெக்கார்டா வருதே, நாப்பது டாலர் சொல்றான், வாங்கலாமா?" என்றார்.

"வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாடி அலமாரியில் என்னோட எழுபத்திச் சொச்சம் ரெக்கார்டும் வரிசையா நின்னு என்னைப் பார்த்து இளிச்சுது. பாதிக்கு மேல ரீஇஷ்யூ. தங்கமணி வேற காபி டம்ளரோட வந்து நின்னு, "சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்"ன்னாங்க. அவ்வ்வ்.

விஷயம் என்னன்னா, இதே நண்பர்கிட்டதான் 2021-ல், "டிஜிட்டல் கேட்டுக் கேட்டு உங்க காது கெட்டுப்போச்சு"ன்னு பெரிய வாத்தியார் மாதிரி கிளாஸ் எடுத்தேன். அந்தக் கிளாஸை நம்பித்தான் மனுஷன் இப்போ டர்ன்டேபிளே வாங்கியிருக்கார். அதனால இந்தப் பதிவு பாதி சண்டை, பாதி மன்னிப்பு.

முதல்ல என் கட்சியைச் சொல்லிடறேன். ரீஇஷ்யூ வாங்கறது தப்பே இல்லை. ஆனா எந்த டேப்பிலிருந்து, எந்த ஃபைலிலிருந்து வெட்டினோம்னு சொல்லாத ரெக்கார்டுக்கு நாப்பது டாலர் கொடுக்கறது, நம்ம தலையை நாமே நீட்டி மிளகாய் அரைச்சுக்கோன்னு சொல்றதுக்குச் சமம்.

அட்டை மேல பளபளன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: "180 கிராம்". என்னமோ நகைக்கடை மாதிரி! எழுபதுகளின் சாதாரண ரெக்கார்டு 120, 140 கிராம்தான் இருந்தது. எடை கூடினா பள்ளம் ஆழமாகாது சாமி. ஊசி ஓடறது மேல்பரப்பில் இருக்கற மெல்லிய பள்ளத்தில். அதுக்கு அடியில் எத்தனை கிராம் பிளாஸ்டிக் இருக்குன்னு ஊசிக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த ஸ்டிக்கர், "ரீமாஸ்டர்டு". யார் பண்ணினது, எதிலிருந்து? மூச். நான் முதல்ல வாங்கின ரீஇஷ்யூவை (கம்பெனி பேர் வேண்டாம்) என்கிட்ட இருந்த அதே ஆல்பத்தின் சிடியோட சத்தத்தைச் சமமா வச்சு, மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டேன். சிடியில் இருந்த அதே நசுங்கின டிரம்ஸ். கூடுதலா படபடன்னு பொரியற சத்தம். இதுக்கு அந்தச் சிடியே போதுமே?

சொல்ல முடியாத ரகசியமா இது? பீட்டில்ஸை எடுத்துக்குங்க. 2012-ல் வந்த ஸ்டீரியோ ரெக்கார்டு பெட்டி, 2009-ல் செய்த டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து வெட்டினது. 2014-ல் வந்த மோனோ பெட்டியை ஆபி ரோட்டில் பழைய டேப்பிலிருந்தே நேரா வெட்டினாங்க. அதை மார்தட்டிச் சொல்லியும் வித்தாங்க. ஆக, பெருமையா இருந்தா சொல்ல முடியுது.

இப்போ நான் மண்ணைக் கவ்வின கதை. மொபைல் ஃபிடிலிட்டின்னு ஒரு கம்பெனி. மூல டேப்பிலிருந்தே ரெக்கார்டு தயாராகுதுன்னு பேர் வாங்கினது. அனலாக் பக்தர்களுக்கு அது கோயில். 2022-ல் மைக்கேல் ஜாக்சனோட 'திரில்லர்' ஆல்பத்தை 40,000 பிரதி போடப் போறோம்னு அறிவிச்சாங்க. ராக் இல்லைதான், விடுங்க, கணக்கைப் பாருங்க. அவங்க முறைப்படி ஒரு தடவை வெட்டினா சுமார் 1,000 பிரதிதான் தேறும். அப்போ 1982-ஆம் வருஷத்து டேப்பை எத்தனை தடவை ஓட்டணும்? யார் விடுவா? அந்த ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்து ரெக்கார்டு கடைக்காரர் ஒருத்தர் வீடியோவில் போட்டு உடைச்சார். கம்பெனி இன்ஜினியர்களே ஒத்துக்கிட்டாங்க: நடுவில் டிஜிட்டல் ஃபைல் இருக்கு, அதுவும் 2011-லிருந்தே. வழக்கு 2023-ல் சுமார் 25 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிஞ்சது.

பதினோரு வருஷம்! "டிஜிட்டல்னா ரெண்டே நொடியில் காது கண்டுபிடிச்சுடும்"னு பேசின நம்ம கூட்டத்தில் ஒருத்தர் காதும் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சது கூட்டல் கழித்தல் கணக்கு. அடுத்த திங்கள்கிழமையே நண்பர் சீட்டுக்குப் போய், "உங்க காது நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

"அப்போ டிஜிட்டலே நல்லாத்தானே இருக்கு, எதுக்குச் சண்டை?"ன்னு சிலர் கிளம்புவீங்க. நல்லெண்ணெய்னு சொல்லி பாமாயில் ஊத்தினா, தோசை மொறுமொறுன்னு வந்தாலும் காசு கொடுத்தவன் கேட்கத்தான் செய்வான். டிஜிட்டல் குத்தம் இல்லை. மறைச்சதுதான் குத்தம்.

இன்னொரு கோஷ்டி, "பழைய ஒரிஜினல் மட்டும்தான் சங்கீதம்"னு சொல்லும். அதுவும் மூடநம்பிக்கை. லெட் செப்பலினோட ரெண்டாவது ஆல்பத்தை 1969-ல் ராபர்ட் லுட்விக் அதிரடியா வெட்டினார். மட்டமான பிளேயர்களில் ஊசி துள்ளுதுன்னு கம்பெனி அதை நிறுத்திட்டு, அடக்கி வாசிச்சு வேற வெட்டிப் போட்டுது. அவரோட 'ஆர்.எல்.' எழுத்து கீறின பிரதி இன்னிக்கு நூற்றுக்கணக்கான டாலர். 'ஒரிஜினல் காலத்து' பிரதின்னு கடையில் மாட்டறது பெரும்பாலும் அந்த அடக்கி வாசிச்சதுதான்.

அதனால நண்பருக்கும் உங்களுக்கும் சொல்றது இதுதான். யார் வெட்டினது, எதிலிருந்து வெட்டினது, எங்கே அச்சடிச்சது. மூணுக்கும் பதில் இருந்தா, ஃபைலிலிருந்து வந்ததா இருந்தாலும் தாராளமா வாங்குங்க. பெரிய அட்டையும் படமும் பிடிச்சிருக்குன்னு வாங்கறீங்களா? அதுவும் நேர்மையான காரணம், "சவுண்டுக்காக"ன்னு மட்டும் தங்கமணிகிட்ட புளுகாதீங்க. பதில் இல்லைன்னா சிடியோ, கீறல் இல்லாத பழைய பிரதியோ போதும். 'ரூமர்ஸ்' மாதிரி கோடிக்கணக்கில் வித்த ஆல்பத்துக்குப் பழைய பிரதியா பஞ்சம்?

பி.கு: நண்பர் போகும்போது என் அலமாரியிலிருந்து ரெண்டு ரெக்கார்டு எடுத்துட்டுப் போனார். மூணு கேள்விக்கும் பதில் இருக்கற ரெண்டையும் கரெக்டா பார்த்து எடுத்திருக்கார். இன்னும் திரும்பி வரலை :(