லொகேஷனைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்

சென்னை மக்களுக்கு, உங்கள் வீட்டு வாசலுக்குச் சாப்பாடும் காய்கறியும் மருந்தும் கொண்டுவந்து தரும் டெலிவரி வேலையாட்கள் சிலர் சேர்ந்து எழுதும் வேண்டுகோள் இது. கூலி, இன்சென்டிவ், விபத்துக் காப்பீடு, காரணம் சொல்லாமல் ஐடியை முடக்குவது ஆகியவை பற்றி இதில் பேசப்போவதில்லை. அவற்றைக் கேட்க வேண்டிய இடம் வேறு. அங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2023 கடைசியில் தமிழ்நாடு அரசு எங்களுக்கென்று ஒரு நல வாரியம் அமைத்ததும் அப்படிக் கேட்டதால்தான். இங்கே உங்களிடம் கேட்பது, உங்களால் மட்டுமே செய்யக்கூடிய, காசு செலவில்லாத சில காரியங்கள். எல்லாமே கைபேசி சம்பந்தப்பட்டவை.

எங்களுக்கு ஆபீஸ் கிடையாது, மேலாளர் முகம் பார்த்தது கிடையாது. வண்டி ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் போன்தான் இரண்டும். ஆர்டர் அதில் விழுகிறது, வழியை அது காட்டுகிறது, வசூலும் கணக்கும் அதில் ஏறுகின்றன, தாமதமானால் அதுவே மதிப்பெண்ணையும் குறைக்கிறது. போன், டேட்டா, பெட்ரோல் மூன்றும் எங்கள் கைக்காசு. நாள் முழுக்க ஒரு திரையைப் பார்த்து ஓடும் எங்களுக்கு நீங்கள் யார் என்பது கடைசி ஐந்து நிமிடம் வரை தெரியாது. அதுவரை நீங்கள் மேப்பில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். எங்கள் நேரத்தில் பெரும்பங்கை விழுங்குவதும் அந்தப் புள்ளிதான். ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

திறந்த வானத்துக்குக் கீழே ஒரு போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கான்கிரீட் கூரைக்குக் கீழே சாட்டிலைட் சிக்னல் சரியாக எட்டாது. அப்போது போன் அக்கம்பக்கத்து வைஃபையையும் செல்போன் டவரையும் வைத்து உத்தேசமாக ஓர் இடத்தைக் குறிக்கிறது. படுக்கையறையில் இருந்தபடி ‘கரண்ட் லொகேஷன்’ என்று அழுத்தி ஆர்டர் போட்டால், புள்ளி பின்தெருவில் போய் உட்கார்ந்துவிடலாம். மேப்பும் எங்களைப் பின்தெருவுக்கே கூட்டிப்போகும். பின்தெருவுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில் சுவர்தான் இருக்கும். ஆனால் ஒருவழிப் பாதை, யூ டர்ன், மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்பு என்று சுற்றி வருவதற்குள் ஒரு கிலோமீட்டர் கூடிவிடும். பெரிய குடியிருப்புகளில் புள்ளி சரியாகக் கட்டடத்தின் மேலேயே இருந்தாலும் சிக்கல் உண்டு: உள்ளே போகும் கேட் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

சரி, எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்து வரலாமே என்பீர்கள். சென்னை முகவரியைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பழைய எண் 12, புதிய எண் 27 என்று ஒரு வீட்டுக்கு இரண்டு எண். சில வீடுகளில் பழையது மட்டும் பலகையில் இருக்கிறது, ஆர்டரில் புதியது மட்டும் வருகிறது. எது எந்த எண் என்று யாருமே எழுதாத தெருவில் 12 என்ற வீடு இரண்டு இருக்கும். பாரதியார் தெருவும் காந்தி தெருவும் இல்லாத பேட்டை இல்லை. ஒரே பகுதியில் இரண்டு மூன்றுகூட உண்டு. அண்ணா நகரில் பிளாக் எழுத்தை விட்டுவிட்டுத் தெருவை மட்டும் எழுதினால் தேடல் அங்கேயே நின்றுவிடும். ஒரு தெருவின் தபால்காரருக்கு இதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும், அது அவருடைய தெரு. எங்களுக்கு அடுத்த ஆர்டர் எந்தப் பேட்டையில் விழும் என்பதே தெரியாது.

அஞ்சல் துறை 2025-இல் டிஜிபின் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இடக் குறியீடு தந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் முதல் மாடியும் ஒன்பதாவது மாடியும் ஒரே கட்டத்துக்குள்தான் அடங்கும். அதற்கு நீங்கள்தான் மாடி எண்ணை எழுத வேண்டும்.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள்: இன்றைக்கே ஒருமுறை, ஆர்டர் எதுவும் போடாத நேரத்தில், வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் முகவரியைத் திறந்து, புள்ளியை விரலால் இழுத்து அந்த கேட்டின் மேல் வையுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். மாடி, லிஃப்ட் உண்டா இல்லையா என்பதையும் சேருங்கள். ‘அருகில்’ என்ற கட்டத்தில் பெயர்ப்பலகை உள்ள ஒன்றைச் சொல்லுங்கள். ‘பச்சை கேட்’ என்று எழுதும் அண்ணன்களே, இரவு பத்து மணிக்குத் தெருவில் எல்லா கேட்டும் கறுப்பு. வாடகை வீடு மாறினால் பழைய முகவரியை அழித்துவிடுங்கள்; தாம்பரத்துக்குக் குடிபோனவர் வேளச்சேரி வீட்டுக்குப் பிரியாணி சொல்வது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது அழைப்பு. எங்கள் எண் உங்களுக்கும் உங்கள் எண் எங்களுக்கும் தெரியாதபடி, பல ஆப்களில் நடுவில் வேறோர் எண் வழியாக அழைப்பை இணைக்கிறார்கள். உங்கள் பாதுகாப்புக்கு, முக்கியமாகத் தனியாக இருக்கும் பெண்களின் பாதுகாப்புக்கு, அது தேவை. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதனால் நாங்கள் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அது உங்களுக்குத் தெரியாத எண். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுக்க வரும் அழைப்புகளால் அலுத்துப்போய் நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காததில் தப்பில்லை. ஆர்டர் வந்துகொண்டிருக்கும் அந்த அரைமணி நேரம் மட்டும் தெரியாத எண்ணையும் எடுங்கள். மீட்டிங்கில் இருந்தால் ‘செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடவும்’ என்று ஆப்பிலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

நாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கூப்பிட வேண்டாம். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்துப் பேசுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அழைப்பு வந்தால் திரையில் மேப் மறைந்து, திரும்ப வேண்டிய சந்தைத் தாண்டிப் போய்விடுவோம் என்பதுதான் எங்கள் கவலை. ‘எங்கே இருக்கீங்க’ என்று கேட்கும் அழைப்பால் நாங்கள் இன்னும் தள்ளித்தான் போகிறோம். செய்தியாக அனுப்புங்கள், சிக்னலில் நிற்கும்போது படிக்கிறோம்.

குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. வாசலில் கேட் ஆப் வைத்திருக்கிறீர்கள். எங்கள் பெயரையும் வண்டி எண்ணையும் போட்டு, வீட்டுக்காரர் தன் போனில் ‘சரி’ என்று அழுத்திய பிறகு உள்ளே விடுகிறீர்கள். சரியான முறைதான். வீட்டுக்காரர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து போனை வேறு அறையில் வைத்திருந்தால் நாங்கள் வெயிலில் நிற்கிறோம், எங்கள் திரையில் தாமதம் ஏறுகிறது. இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் காவலாளியே இன்டர்காமில் கேட்கலாம் என்று ஒரு விதி போட்டால் போதும். லிஃப்டுக்குள்ளும் அடித்தளப் பார்க்கிங்கிலும் நெட் கிடைக்காது, ஆகவே ஓடிபியைக் கீழே இறங்கும் முன்பே பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். இன்னொன்றும்: நீங்கள் ஆர்டர் செய்யாத பொருளைச் சொல்லி யார் ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள், வந்தவர் எங்கள் சட்டையைப் போட்டிருந்தாலும்.

சார்ஜ் பற்றிக் கேட்கத்தான் எங்களுக்குக் கூச்சம். ஜிபிஎஸ், டேட்டா, வெயிலில் தெரிவதற்காக முழு வெளிச்சத்தில் வைத்த திரை, இத்தனையும் ஓடும்போது காலையில் நிறைத்த பேட்டரி மாலை வரை வராது. சித்திரை வெயிலில் ஹோல்டரில் இருக்கும் போன் சூடேறி, பவர் பேங்க் செருகியிருந்தாலும் சார்ஜ் ஏற மறுக்கும். போன் அணைந்தால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. கையில் இருக்கும் உங்கள் ஆர்டரின் முகவரியும் அதற்குள்தான். சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் எங்களுக்காக ஒரு குளிர்சாதன ஓய்வறை திறந்தது. அதுபோல் இன்னும் வர வேண்டும். அதுவரை டீக்கடை, மருந்துக்கடை, குடியிருப்பு வாசல், எங்காவது ஒரு பிளக் பாயின்ட். கணக்குப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறோம்: 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன்கள் ஏறக்குறைய 40-ஐ முழுதாக நிரப்ப ஒரு யூனிட் மின்சாரம் போதும். நாங்கள் கேட்பது முழு சார்ஜ்கூட அல்ல, ஆர்டர் தயாராகும்வரை நிற்கும் பதினைந்து நிமிடம்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஈரத் திரை விரலைச் சரியாக உணராது. தண்ணீர்த் துளியையே விரல் என்று எடுத்துக்கொண்டு எதையாவது அழுத்திவிடும். அந்த நாட்களில் முடிந்தால் கூரை உள்ள இடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், போனைத் துடைத்து ஓடிபி போட ஒரு நிமிடம் கொடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போனதும் பல இடங்களில் டவர்களும் செயலிழந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் மேப்பில் எங்கள் வண்டி ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் நெட் இல்லாததால்தான். ரத்து செய்வதற்கு முன் பத்து நிமிடம் பாருங்கள். ரெட் அலர்ட் விட்ட நாளில் மருந்தும் குழந்தைப் பாலும் தவிர மற்றதை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

இதை உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், காவலாளியின் மேசைக்கு மேல் ஒரு தாளில் ஒட்டுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி ஆர்டர் போடுகிறார்கள் என்றால், அவர்கள் போனிலும் அந்தப் புள்ளியை நீங்களே நகர்த்திக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் டெலிவரி வேலை பார்க்கும் உங்கள் தம்பி தங்கைகள், அண்ணன் அக்காக்கள்