பாஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா?

பி.காம் படிக்கிறவனுக்கு கம்பைலரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். அது அங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

ஜிசிசி கம்பைலரைப் புதிதாக ஒரு சிப்புக்குக் கொண்டுபோனால், அதன் சோதனைகளை டெஜாக்னு என்ற மென்பொருள் வழியாக ஓட்டுவார்கள். அதற்கு முதலில் ஒரு போர்டு ஃபைல் எழுத வேண்டும். கம்பைலருக்கு என்ன ஆப்ஷன்கள், நிரல் ஓடப்போவது சிமுலேட்டரிலா நிஜ போர்டிலா, எத்தனை வினாடி காத்திருப்பது என்பதெல்லாம் அதில்தான். சின்ன ஃபைல்தான், ஆனால் வில்லங்கம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எப்படி என்றால், ஓட்டிப் பார்க்கும் சோதனைகளில் பெரும்பாலானவை விடை தப்பானால் அபார்ட் ஆகும், சரியானால் பூஜ்யத்தோடு முடியும். ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லாத குட்டி போர்டில் அந்த எண்ணை யார் வாங்கிக்கொள்வது? அதனால், முடிவை அச்சடித்துச் சொல்லும் ஒரு துணுக்கை ஒவ்வொரு நிரலோடும் சேர்க்கும்படி போர்டு ஃபைலில் ஒரு வரி போட வேண்டும். அந்த வரி விட்டுப்போய், சிமுலேட்டரும் எப்போதும் பூஜ்யத்தையே திருப்பித் தந்தால், தப்பான நிரலும் பாஸ்! ரிப்போர்ட் ஜம்மென்று இருக்கும் :-)

அடுத்தது எக்ஸ்ஃபெயில். 'இது தோற்கும், எங்களுக்கே தெரியும்' என்று முன்கூட்டியே குறித்துவிடுவது. தோல்விக் கணக்கில் வராது. எங்கள் பாஷையில் அனாமத்துக் கணக்கு. ட்ரையல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தைத் தூக்கிப் போடும் இடம்.

சில சோதனைகளை ஒதுக்குவது நியாயம்தான். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் சிப்பில் 'இன்ட்' என்பது 2 பைட், மொத்த ரேம் 2 கேபி. 4 பைட் என்று நம்பி எழுதிய சோதனை அங்கே செல்லாது. அதற்கு 'அன்சப்போர்ட்டட்' என்று தனி வகையே உண்டு. ஆனால் ஏன் தோற்கிறது என்று பார்க்காமலே எக்ஸ்ஃபெயில் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கட்டளையில் காரணம் எழுத இடம் இருக்கிறது. வெறும் மேற்கோள் குறி போட்டாலும் டெஜாக்னு வாங்கிக்கொள்ளும், அது வேறு விஷயம். குறிப்பேட்டில் விளக்கக் குறிப்பு எழுதாவிட்டால் எங்களுக்கு மார்க் போகும்.

புது சிப்பில் முதல் நாளே எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியுமா என்பீர்கள். முடியாது. அதுவரை ஃபெயில் என்றே இருக்கட்டுமே. இல்லாவிட்டால் பின்னால் அந்த சிப்புக்கு நிரல் எழுதுகிறவன், கம்பைலர் செய்த தப்பைத் தன் நிரலில் நாள்கணக்கில் தேடிக்கொண்டிருப்பான்.

என்னைக் கேட்டால், முதலில் வேண்டுமென்றே அபார்ட் ஆகும் ஒரு நிரலைக் கொடுத்து ஓட்ட வேண்டும். அதுவும் பாஸ் என்று வந்தால், மற்ற ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டுவதற்கு முன் போர்டு ஃபைலைத் திறங்கள்.