யாருடைய திடல்?

தோழர்களே,

பாட்டுக் கேட்கப் போன இடத்தில் ராத்திரி வெளியில் படுப்பது மேல்நாட்டில் ஒரு கொண்டாட்டம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, திடலில் கூடாரம் அடித்து, காலையிலிருந்து ஒரு குழு மாற்றி ஒரு குழுவாகக் கேட்கிறார்கள். இங்கேயும் வசதியுள்ளவர்கள் அப்படிப் போகத் தொடங்கிவிட்டார்கள். போகட்டும்.

எங்கள் வீட்டில் அது கொண்டாட்டம் இல்லை. பென்னாகரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று நாள் பறையடிக்கப் போகும் அப்பா, மூன்று ராத்திரியும் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில்தான் படுப்பார். பறைச்சத்தம் தெருவுக்குள் போகும். அடித்தவன் போக முடியாது. சோற்றுத் தூக்கோடு போன சின்னப் பையனாக நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும் என்று துண்டைப் பறைக்குப் போர்த்திவிட்டு, அவர் வெறும் உடம்போடு படுத்திருப்பார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பறை இன்று மேடை ஏறிவிட்டது. கல்லூரி விழாவில் அடிக்கிறார்கள், சினிமாவில் அடிக்கிறார்கள். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது அரசு. சந்தோசம்தான். ஆனால் புளியமரத்தடி காலியாகிவிட்டதா?

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத் திடலில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்கிற சொல்லிலிருந்து எடுத்த பெயர். வங்கியில் லீவு சொல்லிவிட்டு நானும் காலனிப் பையன்கள் ஐந்து பேரும் கிளம்பினோம். அந்த வாரம் அரசுப் பேருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். தனியார் பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி மொரப்பூர் போய், அங்கே ரயிலேறி, கக்கூஸ் பக்கத்தில் குந்தியபடியே சென்னை போய்ச் சேர்ந்தோம். ஒருவன் பறையை மடியில் வைத்திருந்தான். எதுக்குடா என்றேன். “சும்மா, கூட இருக்கட்டும்ணா” என்றான்.

மத்தியானமே திடலில் உட்கார்ந்துவிட்டோம். மைக் சோதிப்பது, கம்பி இழுப்பது எல்லாம் வேடிக்கை பார்த்தோம். சாயந்திரம் கோட்டு சூட்டோடு மேடையேறினார்கள். யாருடைய கோட்டு அது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிதார் பக்கத்தில் பறை. டிரம்ஸ் பக்கத்தில் சாவு வீட்டுச் சட்டி. ஆண்கள் கோலோச்சிய கானாவை இசைவாணி பாடினார். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு! வங்கியில் “உங்களுக்கு என்னப்பா, கோட்டா” என்று சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஆடினார்கள். நானும் ஆடினேன். முப்பது வயதுக்கு மேல் முதல்முறையாகப் பொது இடத்தில் ஆடினேன்.

பக்கத்திலிருந்த பையன் என் காதில் சொன்னான்: “அண்ணா, இங்க யாருமே நம்மள எந்திரிச்சுப் போன்னு சொல்லலைங்கண்ணா.”

2012 நவம்பர் 7இல் நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டத்துப் பிள்ளை அவன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு எத்தனை அர்த்தம்!

ராத்திரி சென்ட்ரலில் படுத்தோம். துண்டு விரித்து, பறையைத் தலைமாட்டில் வைத்து. அதுதான் எங்கள் கூடாரம். பொழுது விடியும் நேரம், பறை கொண்டுவந்தவனுக்குப் போன். அவன் அப்பா. சத்தம் எனக்கே கேட்டது: “டேய், ஊர்ல பெரிய வீட்டுச் சாவு. மேளத்துக்கு ஆள் பத்தல. சுருக்கா வந்து சேரு.”

பையன் என்னைப் பார்த்தான். “என்னங்கண்ணா சொல்றது?”

போகாதே என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் நான். அவன் அப்பாவுக்குக் கூலி கொடுக்கிற வீடு அது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனே சொன்னான்: “நான் வரலப்பா. நீயும் போகாத.”

அப்பா போனார். மகன் போகவில்லை. அதற்காக அந்த வீட்டுக் காட்டில் அப்பாவுக்கு வேலை நின்றது. ரொம்ப நாள் நின்றது. மகன் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படித்தான். நாங்கள் என்ன செய்தோம்? கூட்டம் போட்டுப் பாராட்டினோம். கவிதை எழுதினேன். அந்த வீட்டு அடுப்புக்கு என் கவிதை விறகாகுமா?

பறையை விடுவதா, எடுப்பதா என்பது நம்மிடையே பழைய சண்டை. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லிப் போராடினார். அது இழிவைச் சுமத்துகிற வேலை, விட்டால்தான் விடுதலை என்றார்கள். பின்னால் வந்தவர்கள், அது நம் கலை, விடுதலைக் கருவி, எடுத்து அடி என்றார்கள். இரண்டும் சரிதான். கூப்பிட்டால் போயே ஆகவேண்டும் என்றால் அது அடிமை வேலை. வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தவன் அடித்தால் அது கலை. இரண்டுக்கும் தோல் ஒன்று, குச்சி ஒன்று. நடுவில் இருப்பது மறுக்கிற உரிமை. மேடை அந்த மறுப்புக்குத் தைரியம் கொடுக்கும். மறுநாள் கூலியைக் கொடுக்காது. அதைக் கொடுக்க வேண்டியது இயக்கம்.

1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் உட்ஸ்டாக்கில் நாலு லட்சம் பேர் சேற்றில் படுத்துப் பாட்டுக் கேட்டதை உலகம் அறியும். அதே கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்கள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இசைவிழா நடத்தினார்கள். எடுத்த படச்சுருள் சுமார் 50 ஆண்டு முடங்கிக் கிடந்து, 2021இல்தான் ‘சம்மர் ஆஃப் சோல்’ என்ற படமாக வந்தது. அதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று: அந்த விழாவுக்குக் காவல் நின்றவர்களில் கருஞ்சிறுத்தைகள் இருந்தார்கள். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்தது அவர்களிடமிருந்துதான். பாட்டுக்குப் பக்கத்தில் இயக்கம் நின்றது. நாம் நிற்கிறோமா, அல்லது கைதட்டிவிட்டுக் கலைகிறோமா?

கணக்குப் பார்ப்பது என் தொழில். அதனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். விடுதலையின் பெயரால் எந்த ஊரில் பறைவிழா நடத்தினாலும், வசூலில் ஒரு பங்கை ஒரு கூட்டுக் கணக்கில் போடுவோம். கையெழுத்துப் போடும் மூவரில் ஒருவர் பறையடிப்பவர், ஒருவர் பெண். சாவுக்கு அடிக்க மறுத்ததால் வேலை இழந்த வீட்டுக்கு, வேறு வேலை கிடைக்கும்வரை அதிலிருந்து போகட்டும். அடிப்பவருக்குப் பேசிய கூலி மேடை இறங்குமுன் கையில் வரட்டும். சாப்பாடும் படுக்கையும் விருந்தாளிக்கு உரிய இடத்தில் கிடைக்கட்டும்.

பென்னாகரத்தில் அப்படி ஒரு நாள் நடத்திப் பார்க்க ஆசை. காலையிலிருந்து குழு குழுவாக அடிக்கட்டும், பாடட்டும். ராத்திரி எல்லாரும் திடலிலேயே படுப்போம், போக இடமில்லாமல் அல்ல, பாட்டு முடியாததால். மாணவத் தோழர்கள் எழுதுங்கள், நேரில் வாருங்கள். முதல் மாசப் பங்கு என் சம்பளத்திலிருந்து.

அப்பா இப்போது இல்லை. அவருடைய பறை வீட்டில் இருக்கிறது. துண்டு போர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்